ரத்தம் ஏற்றும் முன்: கேள்விகளும் பதில்களும்

காட்பாடிக்காரன். ரத்த வங்கியில் 28 ஆண்டு டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன். சிகிச்சை முடிவு உங்கள் டாக்டருடையது.

குடியாத்தம்: மகன் ஓ பாசிட்டிவ், நான் பி பாசிட்டிவ். பெற்ற அப்பா ரத்தமே பிள்ளைக்குச் சேராதா?

சேராது. சிவப்பணுவின் மேல் ஏ என்ற பொருள் இருந்தால் ஏ குரூப், பி இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் இல்லையென்றால் ஓ. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இந்தப் பிரிவுகளைக் கண்டறிந்தார். ஏபி மட்டும் அடுத்த ஆண்டு தெரிய வந்தது. தன்னிடம் இல்லாத பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி, குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பிளாஸ்மாவில் வந்துவிடும். உங்கள் மகனிடம் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பு உண்டு. உங்கள் ரத்தம் ஏறினால் அந்த அணுக்கள் உள்ளேயே உடையும், சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். உங்கள் மரபணுவில் பாதி அவனுக்கு வந்தது உண்மை. அந்தப் பாதியில் பி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கார்டில் எழுதியிருக்கும் குரூப்பை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள். புது சாம்பிள் எடுத்து, ஏற்றப்போகும் பையின் ரத்தத்தோடு சேர்கிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் செய்தே ஆக வேண்டும்.

ஆரணி: பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குரூப். கல்யாணம் செய்யலாமா?

தாராளமாக. பார்க்க வேண்டியது வேறு: மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். பிறக்கும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு, பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி அவள் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். தவறவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

ஆம்பூர்: வெளியாள் ரத்தத்தில் என்ன நோயோ! சொந்தக்காரர் ரத்தம்தானே பாதுகாப்பு?

இல்லை. ஒவ்வொரு பையையும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பார்த்த பிறகுதான் கொடுப்போம், கொடுத்தவர் யாராக இருந்தாலும். குடும்பமே சூழ்ந்து நிற்கும்போது, பழைய காமாலையைச் சொல்லக் கூசுகிற மச்சானை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், பையில் கொடுத்தவரின் வெள்ளணுக்களும் கொஞ்சம் இருக்கும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடல் அவற்றைக் கண்டு அழித்துவிடும். நெருங்கிய ரத்த சொந்தம் என்றால் சில சமயம் அடையாளம் தெரியாமல் விட்டுவிடும். அவை உள்ளே பெருகி நோயாளியின் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லாவற்றையும் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் நம் பக்கத்துக் குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

மறுபடி ஆம்பூர்: என் தாத்தாவுக்கு சித்தப்பா ரத்தம்தான் ஏற்றினார்கள். 20 வருஷம் நன்றாக இருந்தார். பயமுறுத்தாதீர்கள்.

தாத்தா நன்றாக இருந்ததில் எனக்கும் சந்தோஷம். அபூர்வம் என்று நானே எழுதியிருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: சித்தப்பா கொடுக்கட்டும், அந்தப் பை வங்கியில் சேர்ந்து வேறு யாருக்காவது போகட்டும். தாத்தாவுக்கு வேறு பை கிடைக்கும். கணவர் ரத்தத்தை, இனிமேல் பிள்ளை பெறப்போகும் மனைவிக்கும் ஏற்றக் கூடாது. கணவரின் அணுக்களுக்கு எதிராக அவள் உடலில் ஆன்டிபாடி உருவானால், பின்னால் வயிற்றில் வளரும் குழந்தையைத் தாக்கும்.

வாணியம்பாடி: அக்காவுக்குக் கார்டில் ஓ பாசிட்டிவ். எந்த ஓ பையும் கிராஸ் மேட்சில் சேரவில்லையாம்.

பம்பாய் குரூப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1952இல் டாக்டர் பெண்டேயும் உடன் வேலை செய்தவர்களும் மும்பையில் கண்டுபிடித்தது. ஏ, பி உருவாக அடியில் எச் என்ற பொருள் வேண்டும். இவர்களுக்கு அதுவே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ போலவே காட்டும். ஆனால் ஓ அணுவில் எச் நிறைய உண்டு, அதனால் ஓ ரத்தமும் சேராது. இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க முடியும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறை என்பதால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதலில் நீங்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை ஆம்பூர்: இப்போது சொந்தத்தைத் தேடச் சொல்கிறீர்களே!

நல்ல கேள்வி. ஆமாம், வேறு வழி இல்லாதபோது தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். அதில் வெள்ளணுக்கள் பெருகும் சக்தியை இழந்துவிடும். வாணியம்பாடிக்காரரும் இதை மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆற்காடு, வாலாஜா: ஒரே குரூப்பில் கல்யாணம்...

ஆரணிக்காரருக்குச் சொன்னதுதான். மேலே படியுங்கள்.

ராணிப்பேட்டை: ரத்த வகைக்கு ஏற்ற சாப்பாடு?

அதற்கு ஆதாரம் இல்லை.

திருவலம்: கார்டில் ஏபி. யாருடைய ரத்தமும் ஏற்றலாமாமே, டெஸ்ட் எதற்கு?

கார்டை நம்பாதீர்கள் என்று மறுபடி சொல்கிறேன். ஏபி, ஓ எல்லோருக்கும் கிராஸ் மேட்ச் உண்டு.

வேலூர்: நாளை அம்மாவுக்கு ஆபரேஷன், ரத்தம் ஏற்றுவார்களாம். நான் என்ன கவனிக்க வேண்டும்?

சாம்பிள் எடுக்கும்போது, கட்டிலருகிலேயே குழாயில் அம்மா பெயரும் மருத்துவமனை எண்ணும் எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஆபத்தான தவறுகளில் நிறைய நடப்பது ஆய்வகத்தில் அல்ல, பெயர் மாறும் இந்த இடத்தில்தான். பை வந்ததும் அதே பெயர், அதே எண், குரூப் மூன்றையும் கைப்பட்டையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள், நல்ல நர்ஸ் கோபிக்க மாட்டார். வார்டில் ஏற்றினால் முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சு முட்டல், சிறுநீர் சிவப்பாகப் போவது, இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ரத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.