செருகுநிரலுக்கு எந்த உரிமம் பொருந்தும்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை, மென்பொருள் உருவாக்கப்படும் நேரத்திலேயே யூனிகோடுக்கு மாற்றும் மேவன் என்ற மென்பொருள் உருவாக்கக் கருவிக்கான செருகுநிரல் (பிளக்இன்) ஒன்றை, வீட்டில் இரவு நேரங்களில் எழுதி முடித்திருக்கிறேன். அதில் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2ஆம் பதிப்பில் (ஜிபிஎல் 2) வந்த சிறு நிரல் நூலகம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மேவன், அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தில் இருப்பதால் என்னுடையதும் அதே உரிமத்தில்தான் இருக்க வேண்டுமா? பின்னாளில் விற்கலாமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அந்தக் கட்டாயம் இல்லை. அப்பாச்சி 2.0 உரிமம், தன்னைச் சார்ந்து எழுதப்படும் நிரலும் அதே உரிமத்தை ஏற்க வேண்டும் என்று கேட்பதில்லை. விற்பனைக்கும் அது தடை சொல்வதில்லை. ஆனால் உரிமத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த நிரல் சட்டப்படி உங்களுடையதா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதும் நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். வீட்டில் எழுதினேன் என்பது உங்களுக்குச் சாதகமான செய்திதான். ஆயினும் அலுவலகக் கோப்புகளுக்காகவே எழுதியிருந்தாலோ, அலுவலக மடிக்கணினியைப் பயன்படுத்தியிருந்தாலோ கேள்வி எழும். பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நிறுவனத்திடமிருந்து கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைப் பெற்றுவிடுவது நல்லது. வாய்மொழிச் சம்மதத்தை மட்டும் நம்பி வெளியிட வேண்டாம் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

உண்மையான சிக்கல் அந்தச் சிறு நூலகத்தில் இருக்கிறது. ஜிபிஎல் நிரலோடு இணைத்து வெளியிடும் முழுமையையும் ஜிபிஎல் உரிமத்திலேயே வெளியிட வேண்டும். மேலும், மேவனின் அப்பாச்சி 2.0 உரிமம் ஜிபிஎல் 2 உடன் பொருந்தாது என்பது, ஜிபிஎல்லை உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு; 2007இல் வந்த ஜிபிஎல் 3 உடன்தான் அது பொருந்தும். ஆகவே நூலகத்தின் மூலநிரலில் 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஜிபிஎல் 3இன் கீழ் நீங்கள் வெளியிடலாம். 'பதிப்பு 2 மட்டும்' என்றிருந்தால் அந்த நூலகத்தை நீக்கிவிடுங்கள். எழுத்துக் குறியீடுகளை மாற்றும் அட்டவணையை நீங்களே எழுதுவது சில நாள் வேலைதான்; அதன்பின் எந்த உரிமமும் உங்கள் விருப்பம்.

ஜிபிஎல் விற்பனையைத் தடுப்பதில்லை. ஆனால் வாங்குபவர் மூலநிரலைக் கேட்டுப் பெறலாம், பிறருக்கு இலவசமாகவும் கொடுக்கலாம் என்பதால் விலை நிலைப்பது கடினம். நிரல் முழுவதும் உங்களுடையதாக இருந்தால், பொதுவில் ஜிபிஎல், நிறுவனங்களுக்குத் தனி வணிக உரிமம் என்று இரண்டையும் வழங்கலாம். பிறர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கியதும் அவர்களிடம் எழுத்தில் இசைவு பெற வேண்டியிருக்கும்.

செருகுநிரல் ஜிபிஎல் ஆனால், அதைக் கொண்டு உருவாகும் மென்பொருளும் ஜிபிஎல் ஆகிவிடுமோ என்று வாடிக்கையாளர்கள் அஞ்சுவார்கள். பொதுவாக ஆகாது, ஒரு கருவியின் விளைபொருள் அக்கருவியின் உரிமத்துக்குள் வருவதில்லை. கருவி தன் நிரலின் ஒரு பகுதியையே விளைபொருளில் நகலெடுத்து வைக்கும்போது மட்டும் நிலைமை மாறும். பைசன் என்ற கருவி அவ்வாறு செய்ததால், அதற்கெனத் தனி விலக்கே எழுத நேர்ந்தது. உங்களுடையது கோப்பை மாற்றித் தருவதோடு நின்றுவிடுவதால் அச்சமில்லை.

பெயரிடும்போது ஒரு கவனம் தேவை. 'மேவன்' முன்னும் 'பிளக்இன்' பின்னுமாக அமையும் பெயர்கள் அப்பாச்சி மேவன் குழுவினருக்கே உரியவை. மற்றவர்கள் தங்கள் சொல்லை முன்னே வைத்து, 'தமிழ்-மேவன்-பிளக்இன்' என்பதுபோல அமைக்க வேண்டும். மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தில் ஒருமுறை வெளியான பதிப்பை மாற்றவோ நீக்கவோ இயலாது என்பதால், உரிமக் குறிப்பைச் சரிபார்த்த பிறகே பதிவேற்றுங்கள்.

கேள்வி: என் செருகுநிரலின் மூலநிரலை உரிமம் எதுவும் குறிப்பிடாமல் பொதுவில் வைத்துள்ளேன். யாரும் பயன்படுத்தலாம் என்றுதானே பொருள்?
- கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: அல்ல. பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை தானாகவே உங்களைச் சேரும்; உரிமம் குறிப்பிடாத நிரலைப் பிறர் நகலெடுக்கவோ திருத்தி வெளியிடவோ அனுமதியில்லை. எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதே உங்கள் எண்ணமானால், எம்ஐடி உரிமத்தின் வாசகத்தை ஒரு கோப்பில் இட்டு, உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி, மூலநிரலோடு சேர்த்து வையுங்கள்.