ட்ரெய்லருக்குப் பின்னால் போகிற காருக்கு ஃபிலிம்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் காரின் பெயிண்ட்டுக்கு மேல் பிபிஎஃப் என்கிற பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எண்ணூர் வாசகர்: அண்ணே, தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் ட்ரெய்லர்களுக்குப் பின்னால்தான் போகிறேன். செராமிக் கோட்டிங் போட்டும் பானெட்டில் ஏழெட்டு இடத்தில் பெயிண்ட் தெறித்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

செராமிக் தன் வேலையைச் செய்திருக்கும் தம்பி. அழுக்கு ஒட்டாது, தண்ணீர் வழுக்கி ஓடும், அவ்வளவுதான். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூடத் தேறாத அது கல்லை எப்படித் தாங்கும்? பிபிஎஃப் ஃபிலிம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். கம்பெனி பெயிண்ட் ப்ரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 தான். கல் பட்டால் ஃபிலிம் ரப்பர் மாதிரி அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணலிலிருந்து காக்க வந்த சரக்குதான் இது. அதற்காக முழு ஜல்லியே பறந்து வந்தால் தாங்கும் என்று நினைக்காதீர்கள், கிழியும்.

ஆனால் உடனே ஒட்டக் கிளம்பாதீர்கள். நம் பக்கம் உப்புக் காற்று. தெறித்த இடத்தில் தகடு தெரிந்தால் துரு சீக்கிரமே ஆரம்பிக்கும், ஃபிலிம் ஒட்டினாலும் அடியில் பரவிக்கொண்டேதான் இருக்கும். முதலில் துருவைச் சுரண்டி டச்-அப் செய்யுங்கள், நன்றாகக் காயட்டும், அப்புறம் ஃபிலிம்.

கொளத்தூர் வாசகி: வண்டி முழுக்க ஒட்டினால்தான் நல்லது என்கிறார்களே?

ஒட்டுகிறவருக்கு நல்லதுதான் மேடம்! பம்பர், பானெட், முன் ஃபெண்டர், மிரர் மூடி, பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கீழ்ப்பகுதி. கல் அடிப்பது பெரும்பாலும் இங்கேதான். கூரைக்குச் செலவழிக்கிற காசில் நல்ல ஃபிலிம் வாங்கலாம்.

பெரம்பூர் வாசகர்: நல்ல ஃபிலிம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபிலிம் எந்தப் பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி வளைகிற டிபியுவா, பிவிசியா என்று கேளுங்கள். பிவிசி மலிவு, வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும், விறைக்கும். சாம்பிள் துண்டில் லேசாகக் கீறி வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். தானே ஆறுகிற மேல்பூச்சு இருந்தால் கீறல் மறையும். ஃபிலிமையே அறுத்த வெட்டு மட்டும் எந்த வெந்நீருக்கும் ஆறாது.

மணலி வாசகர்: டிங்கரிங் முடித்துப் போன வாரம்தான் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன். ஒட்டலாமா?

வேண்டாம் சார். ஒரு மாதமாவது போகட்டும், பெயிண்ட் அடித்தவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அவசரப்பட்டு ஒட்டி, பிரிக்கும்போது பெயிண்டும் அதற்கு அடியில் பூசிய பட்டியும் கையோடு வந்துவிட்டன. தண்டம் என் பாக்கெட்டிலிருந்து.

ராயபுரம் வாசகர்: புல்லட் டேங்க்குக்கு?

தாராளமாக. பெல்ட் பக்கிளும் ஜிப்பும் உரசுகிற இடத்துக்கு மட்டும் போதும்.

திருவொற்றியூர் வாசகர்: ஒட்டி மூன்று நாள்தான் ஆகிறது. உள்ளே கொப்புளம் கொப்புளமாக இருக்கிறதே?

சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்டுவோம், அந்த ஈரமாக இருக்கலாம். இரண்டு வாரம் வெயில் பட்டால் வற்றும். ஊசியால் குத்தாதீர்கள், ஒரு வாரம் வண்டியைக் கழுவவும் வேண்டாம். விரலால் தடவும்போது மணல்போல் உறுத்தினால் அது ஈரமில்லை, தூசி. ஷட்டரைத் திறந்து வைத்து ரோட்டோரத்தில் ஒட்டினால் நம் லாரிப் புழுதிக்கு அப்படித்தான் ஆகும். அது தானாகப் போகாது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள்.