குவில்ட் தைப்பவர் சிங்கப்பூருக்குக் குடிமாறும்போது

கேள்வி: கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. கோவையிலிருந்து குடிமாறப் போகிறோம். மூவறை வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். நான் பல வருடங்களாகப் பொழுதுபோக்காகக் குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். கம்ப்யூட்டர் தையல் மிஷின், ஐந்து பெட்டி பருத்தித் துணி, இரண்டு சுருள் பேட்டிங் (போர்வையின் நடு அடுக்காக வைக்கும் பஞ்சு விரிப்பு), பாதியில் நிற்கும் இரட்டைக் கட்டில் போர்வை எல்லாம் இருக்கின்றன. எதைக் கொண்டுவரலாம்? அங்கே துணி கிடைக்குமா? சேர்ந்து தைக்க ஆள் கிடைப்பார்களா?

பதில்: மிஷினைக் கொண்டுவாருங்கள். பேட்டிங்கை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். துணியில் ஒரு பெட்டி, மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பெட்டி போதும். இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, ஈரமில்லாத இடத்துக்குத்தான் பஞ்சம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றி. சிங்கப்பூரில் மூவறை வீடு என்றால் வரவேற்பறையையும் சேர்த்துத்தான் மூன்று, படுக்கையறை இரண்டே. மொத்தப் பரப்பு பெரும்பாலும் 60 முதல் 65 சதுர மீட்டர். 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடாக இருந்தால், கனமான இரும்புக் கதவு வைத்த ஒரு சிறிய அறையும் இருக்கும். போர்க்காலப் பாதுகாப்புக்காகக் கட்டிய ஷெல்டர் அது. எல்லோரும் அதைச் சாமான் அறையாகத்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் "துணி வைக்க இதுதான் இடம்" என்று உங்களுக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். சுற்றிலும் கான்கிரீட், காற்றோட்டம் மிகக் குறைவு. கதவைச் சாத்தி வைத்தால் சில வாரங்களிலேயே துணியில் பூஞ்சை வாடை வந்துவிடும்.

இந்த ஊரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். துணி பத்திரமாக இருக்க அது 60க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆகவே ஏசி ஓடும் படுக்கையறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் துணியை வையுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்தால் நிலவரம் தெரியும். எண் இறங்கவே இல்லை என்றால் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வாங்குவது வீண்செலவு அல்ல. ஊசி, குண்டூசி, ரோட்டரி பிளேடு (துணி வெட்டும் வட்டக் கத்தி) மூன்றும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். அவற்றை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் அடைத்து அனுப்பாதீர்கள். நம் ஊர்ப் பருத்தி பெரும்பாலும் கஞ்சியோடுதான் வரும். மாவுச்சத்து பூஞ்சைக்கும் தீனி, வெள்ளிப்பூச்சிக்கும் தீனி. அலசி நன்றாகக் காயவைத்து அனுப்புங்கள். வெட்டித் தைக்கும் அன்று கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் சிக்கலில்லை. அங்கே போலவே இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, சதுரக் கால்கள் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை. நல்ல அடாப்டர் வாங்கினால் போதும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. மிஷினை அனுப்பும்போது ஊசியைக் கழற்றிவிடுங்கள். கத்திரி, ரோட்டரி கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். ஒட்டும் ஸ்ப்ரே விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வரக்கூடாது, எளிதில் தீப்பற்றும்.

வரியைப் பொறுத்தவரை, குடிமாறி வருபவர்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி விலக்குக் கேட்கலாம். பொருள் உங்களிடம் குறைந்தது 3 மாதம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், நீங்கள் முதலில் வந்திறங்கிய 6 மாதத்துக்குள் அது வந்துசேர வேண்டும், வந்தபின் 3 மாதத்துக்கு அதை விற்கவோ கைமாற்றவோ கூடாது. மிஷின் இதில் அடங்கும். கிளம்பும் முன் ஆசை ஆசையாக வாங்கிய புதுத் துணி அடங்காது. அதற்கு 9 சதவீத வரி உண்டு. துணியைக் குறைக்கச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் அந்த ஒரு பெட்டியில் எதை வைப்பது? இங்கே கிடைக்காததை வையுங்கள். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், காதி, இக்கத், அம்மாவின் பழைய நூல் சேலைகள். பூப்போட்ட அச்சுத் துணியையும் பிளெயினையும் விட்டுவிடுங்கள். சுங்குடியைச் சாயம் போவது நிற்கும்வரை தனியாக அலசிய பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். செட்டிநாட்டுத் துணி நெசவு தடிப்பானது. மெல்லிய குவில்ட் துணியோடு சேர்த்துத் தைத்தால் தையலோரம் புடைத்து நிற்கும், அதனால் அதனளவு தடிப்பான துணியோடே சேருங்கள்.

கடைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குவில்டுக்கென்றே அச்சிட்ட பருத்தி, பேட்டிங், கட்டிங் மேட், பிளேடு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் டோபி காட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் மேலேயே இருக்கும் பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் கடை. பேட்டிங்கை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், வேண்டும்போது வேண்டிய அளவு வாங்கலாம். துணி விலை கோவைக்காரர்களுக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும், தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருங்கள். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் துணிக்கடைகள் மலிவு. லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். தமிழில் பேசிப் பழகி, வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள்.

பாத்திக்குக்கு (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போக வேண்டிய இடம் அரபு ஸ்திரீட். அங்கே பருத்தியும் ரேயானும் பக்கம் பக்கமாகக் கிடக்கும், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். எரித்துப் பார்த்தும் பயனில்லை, இரண்டும் காகிதம் போலத்தான் எரியும். ஒரு நூலை உருவி, நடுவில் நனைத்து இழுங்கள். ஈர இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயான். பாத்திக் துணியின் நெசவு நெருக்கமானது. மிஷின் தையலுக்கு அருமையாக இருக்கும், கைத்தையலில் விரல் வலிக்கும்.

பேட்டிங்கை விடச் சொன்னதற்குக் காரணம் இடம் மட்டுமல்ல. தடித்த போர்வையை இங்கே துவைத்துக் காயவைப்பது பெரும்பாடு. அடுக்குமாடியில் மூங்கில் கம்பில்தான் துணி காயப்போடுவார்கள். நனைந்த இரட்டைக் கட்டில் போர்வையை அதில் ஏற்றி மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது உங்களுக்கும் ஆபத்து, கீழே நடப்பவருக்கும் ஆபத்து. டிசம்பர், ஜனவரி மழையில் காயவும் காயாது. பெரிய டிரையர் உள்ள சுயசேவைச் சலவைக் கடைகளைப் பயன்படுத்துங்கள். ஏசி அறையில் போர்த்த மெல்லிய குவில்ட் தாராளம். பேட்டிங்குக்குப் பதில் நடுவில் பழைய நூல் சேலையை ஒற்றையாகவோ இரட்டையாகவோ கொடுத்துத் தையுங்கள். இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான போர்வை எனக்குத் தெரியவில்லை.

இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல் அமைதி காக்கும்படி வீவக கேட்டுக்கொள்கிறது. மிஷின் சத்தத்தைவிட மேசைவழி இறங்கும் அதிர்வுதான் கீழ்வீட்டுக்குக் கேட்கும். மிஷினுக்கு அடியிலும் மேசைக்கால்களுக்கு அடியிலும் ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

சேர்ந்து தைக்க ஆள் கிடைப்பார்களா? சேர்ந்து தைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்த பெண்கள், கனடாக்காரர் எத்தல் மல்வனியின் யோசனைப்படி ஆளுக்கொரு துணிச் சதுரத்தில் எம்பிராய்டரி செய்து, தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்டுகளைச் சேர்த்தார்கள். தனியே அடைபட்டிருந்த கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரிவிக்க அது ஒரு வழி. அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. இணையத்தில் படம் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள்.

இன்றைக்கு, வீட்டருகே உள்ள சமூக மன்றத்தில் தையல் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கேயே இந்திய நற்பணிச் செயற்குழு இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். வகுப்பே இல்லையென்றாலும் நாலு பெண்களின் அறிமுகம் கிடைக்கும். நூலகத்தில் 746.46 என்ற எண்ணுள்ள அடுக்கில் குவில்ட் புத்தகங்கள் இருக்கும்.

நீங்கள் டிபெண்டன்ட்ஸ் பாஸில் (வேலைக்கு வருபவரின் குடும்பத்தாருக்குத் தரும் தங்கும் அனுமதி) வருவீர்கள் என்று நினைக்கிறேன். தைப்பதற்கும் பரிசளிப்பதற்கும் தடையில்லை. ஆனால் 2021 மே முதல், அந்த பாஸில் இருப்பவர் வேலை செய்ய முறையான வேலை அனுமதி வேண்டும். போர்வையை விற்கவோ கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கவோ நினைத்தால் முதலில் மனிதவள அமைச்சிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பாதியில் நிற்கும் போர்வை. அடுக்கு சேர்த்து டாக்கா (தற்காலிகத் தையல்) போடாதவரை நல்லது. மேல்துணியை மட்டும் அட்டைக் குழலில் சுற்றிக் கொண்டுவாருங்கள், மடித்தால் மடிப்பு விழும். இங்கே தரையில் முழுசாக விரிக்க இடமிருக்காது. மேல்துணியை மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் குவில்ட் செய்து, பிறகு இணையுங்கள். ஒரு பட்டை சாப்பாட்டு மேசைக்குள் அடங்கிவிடும்.