வாக்குமூலம் கொடுத்தாயிற்று, இனிச் சாட்சியமும் சொல்ல வேண்டுமா?

பினாங்கு ஜார்ஜ்டவுன் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜாலான் டத்தோ கிராமாட்டில் லாரி ஒன்று மோட்டார் சைக்கிளை மோதியதைப் பற்றிப் போலீசில் வாக்குமூலம் அளித்தேன். இப்போது நீதிமன்ற அழைப்பாணை வந்துள்ளது. முன்பு சொன்னது போதாதா? லாரி சிவப்பு விளக்கைத் தாண்டியதாகப் பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் சொன்னார், அதையும் சொல்லலாமா?"

போதாது. போலீஸ் அதிகாரி எழுதி, உங்கள் மொழியில் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கிய வாக்குமூலம் புலனாய்வுக்கு உரியது. நீதிபதியின் முன்னே பிரமாணத்துக்குப் பின் வாய்மொழியாகச் சொல்லி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கும் விடை தருவதே சாட்சியம். இரண்டும் முரண்பட்டால் உங்கள் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்க அந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்த முடியும்.

கடைக்காரர் சொன்னதைப் பொறுத்தவரை, 1950ஆம் ஆண்டின் மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவருமே சொல்ல வேண்டும். மலாய்மொழியின் 'சக்சி'யும் நம்முடைய 'சாட்சி'யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. கண்ணால் கண்டவர் என்பதே அதன் அடிப்பொருள். விளக்கின் நிறத்தைக் கடைக்காரர் பார்த்திருந்தால், அவரே கூண்டேறிச் சொல்லட்டும்.

உங்கள் நினைவை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினீர்கள், அதற்குள் மோட்டாரோட்டி சாலையில் விழுந்து கிடந்தார் என்றால், நீங்கள் கேட்டது சத்தம், கண்டது விழுந்து கிடந்தவரை. மோதலையே நீங்கள் காணவில்லை. "லாரி வேகமாக வந்து மோதியது" என்று சொல்லிவிட்டால், நல்லெண்ணத்தோடு சொன்னதாயினும் குறுக்கு விசாரணையில் அது நிற்காது; உண்மையாகவே கண்டதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். விழுந்து கிடந்தவர்மீது இரக்கம் கொண்டு இந்தப் பிழையைச் செய்பவர்கள் பலர். அதனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அவருடைய வழக்குதான். "தெரியாது", "நினைவில்லை" என்பவையும் முறையான விடைகளே. தெரிந்தே பொய் சொல்வதோ வேறு. தண்டனைச் சட்டத்தின் 193ஆவது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமுண்டு.

இந்துவாக இருந்தால், சத்தியப் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மலாயில் தடுமாற்றம் இருப்பின், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று உங்களை அழைத்த தரப்பிடம் விசாரணை நாளுக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்; கூண்டில் நின்றபடி பாதி மலாயிலும் பாதி தமிழிலும் விடை சொல்லத் தொடங்கினால், பதிவாகும் சொல் உங்களுடையதாக இராது.