அதிகாரி இல்லாத மணிநேரங்கள்

கேள்வி: நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் 26 வயது இளைஞன். கோட்டையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாத முடிவுக் கணக்கை ஒருபோதும் தாமதித்ததில்லை. வீட்டுக்கு வந்தாலோ கைத்தொலைபேசியோடு படுத்துவிடுகிறேன். கணக்கியல் பரீட்சையில் ஒரு பாடம் தவறிய பின் புத்தகத்தைத் தொடவில்லை. காலை ஜெபமும் நின்றுவிட்டது. அம்மா சோம்பேறி என்கிறார். சோம்பலை நீக்கும்படி ஆண்டவரிடம் கேட்டும் மாற்றமில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தம்பி, சோம்பல் என்றதும் நம் பிரசங்கிமார் எறும்பினிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் அந்த எறும்பைப் பற்றிச் சொல்லும் முதற் செய்தி, அதற்குப் பிரபுவும் தலைவனும் அதிகாரியும் இல்லை என்பதுதான்; அது சேர்த்து வைப்பதைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வருகிறது. உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மேலதிகாரி கேட்பார் என்ற இடத்தில் உங்கள் கை ஓய்வதில்லை. கேட்பார் இல்லாத புத்தகமும் ஜெபமும் மட்டுமே கிடப்பில் கிடக்கின்றன. கொலோசெயர் 3:22இல் பவுல் 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' என்று வேலைக்காரருக்கு எழுதியது இதைக் குறித்துத்தான்.

அடுத்து, அந்தத் தவறிய பாடம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், தன்னிடம் ஒப்புவித்த ஒரு தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்த வேலைக்காரனை எஜமான் சோம்பன் என்று கடிந்துகொள்கிறான். அவனோ, தான் பயந்துபோய்ப் புதைத்ததாகச் சொல்கிறான். ஒரு தாலந்து என்பது அக்காலக் கூலியாள் ஒருவனுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுச் சம்பளம். ஆகவே கொடுத்தது அற்பம் என்று அவன் சாக்குச் சொல்லவும் வழியில்லை. நீங்களும் மீண்டும் தவறிவிடுவோமோ என்ற அச்சத்தைத்தான் கைத்தொலைபேசிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். சோம்பலை நீக்கும்படி கேட்ட ஜெபத்தில் இந்த அச்சத்தைப் பெயர் சொல்லி வைத்தீர்களா?

உடல் அசதியையும் ஒதுக்கிவிட வேண்டாம். சூரைச்செடியின் கீழ்ச் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான், திட்டவில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் குலைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

இனிச் செய்ய வேண்டியது. வீடு திரும்பியதும் கைத்தொலைபேசியை அம்மாவின் அறையில் மின்னேற்றத்துக்குப் போட்டுவிட்டு, தவறிய அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாளில் ஒரே ஒரு கணக்கை, விடை பிழைத்தாலும் பரவாயில்லை என்று, முடிவுவரை போட்டுப் பாருங்கள். இரண்டாவது கணக்கு அன்றைக்கு வேண்டாம். முதல் நாளே மூன்று மணி நேரம் படித்துவிட்டு மறுநாள் விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, அன்று மாலை போடப்போகும் கணக்கையும் சொல்லி ஜெபியுங்கள். அடுத்த பரீட்சைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; ஆயத்தமான பிறகு விண்ணப்பிக்கலாம் என்பது புதைப்பதற்கு இன்னொரு குழி. அம்மாவிடம் உங்கள் பயத்தையும் சொல்லுங்கள்; அது தெரியாததால்தான் அவர் சோம்பேறி என்கிறார்.