மட்டக்களப்பில் புழங்கும் குத்திக்காசு எங்கே அடிக்கப்பட்டு எப்படி வந்து சேர்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் கிழக்குப் பக்கம் ஒரு நாணயச்சாலையின் காசும் மேற்குப் பக்கம் இன்னொரு சாலையின் காசும் அதிகம் புழங்குமாம். மட்டக்களப்பில் ஐந்து ரூபாக் குத்தி மூன்று விதமாகக் கிடைக்கிறதே, இவையும் வேறு வேறு சாலைகளின் காசா?

இந்த மூன்று விதத்துக்கும் காரணம் காலம்தான், சாலை இல்லை. 1984இல் தொடங்கிய தடித்த குத்தி நிக்கல் கலந்த பித்தளை. 2005 முதல் வந்தது இரும்பின் மேல் பித்தளை முலாம். 2017 ஆண்டு பொறித்து வந்த வெள்ளைக் குத்தி துருப்பிடிக்காத எஃகு. முதல் இரண்டும் பார்க்க ஒரே மஞ்சள்தான். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: பழையது ஒட்டாது, முலாம் பூசியது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். முலாம் தேய்ந்துவிட்டால் நம்முடைய உப்புக் காற்றில் அது சீக்கிரம் கறுத்தும் போய்விடும்.

இலங்கைக்கென்று நாணயச்சாலை கிடையாது. தாள்கள் பியகமவில் அச்சாகின்றன, குத்திகளை மத்திய வங்கி வெளிநாட்டுச் சாலைகளில் அடிப்பித்து இறக்குகிறது. பிரித்தானியர் காலத்தில் லண்டன் ரோயல் மின்ட் அடித்துத் தந்தது. அந்தச் சாலை பிறகு வேல்ஸில் உள்ள லான்ட்ரிசன்ட்டுக்குப் போனது, சுதந்திரத்துக்குப் பிறகும் நமக்கு நிறையக் குத்திகள் அடித்தது. எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் அடையாளம் நம் குத்திகளில் வழக்கமாக இருப்பதில்லை. ஆகவே கையில் இருக்கும் காசைப் பார்த்து ஊர் பிரிக்க முடியாது.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. பிலடெல்பியாவில் அடித்த காசில் பெரும்பாலும் 'பி' (ஒரு சதக் குத்தியில் வழக்கமாக இருக்காது), டென்வரில் அடித்ததில் 'டி'. இரண்டு சாலைகளும் அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் வங்கிகளுக்கு அனுப்ப, அங்கிருந்து பாதுகாப்பு வண்டிகளில் வங்கிக் கிளைகளுக்குப் போகும். தூரத்தைப் பார்த்து அனுப்புவதால் புதுக் காசில் கிழக்கும் மேற்கும் பிரிந்து தெரியும். பயணம் போகிறவர்களின் பைகளில் ஏறி, போகப் போக எல்லாம் கலந்துவிடும். 2019இல் வெஸ்ட் பாயின்ட் சாலையின் 'டபிள்யூ' பொறித்த கால் டொலர் குத்திகளை மற்றச் சாலைகளின் மூட்டைகளில் வேண்டுமென்றே கலந்து விட்டார்கள். வடிவத்துக்கு 20 இலட்சம், ஐந்து வடிவங்கள். நாட்டின் எந்த மூலையிலும் ஒன்று கையில் படலாம் என்று சேகரிப்பவர்கள் மாற்றுக்காசைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. யாத்திரை போய் வந்தவர்களின் கைவழியாக இவை நம் கோயில் உண்டியல்களிலும் விழுகின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதுக் குத்தி கொழும்பில் மத்திய வங்கியிலிருந்து வங்கிகளுக்குப் போய், அவர்களின் கிளைகள் வழியாக மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் வருகிறது. அது வரும் வழி மட்டும்தான். வந்த பிறகு பெரும்பாலான குத்தி வங்கிக்குத் திரும்பிப் போவதே இல்லை. பஸ் கொண்டக்டரின் பையிலிருந்து தேநீர்க் கடைக்கு, கடையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து உண்டியலுக்கு. உண்டியல் எண்ணி முடிந்ததும் கடைக்காரர்கள் தாளைக் கொடுத்து மூட்டையாகக் குத்தியை வாங்கிப் போவார்கள். அந்த மூட்டை அடுத்த நாளே மறுபடி கொண்டக்டர் கைக்கு வந்துவிடும். கிழக்கில் சில்லறையை ஓட வைப்பது வங்கியைவிடக் கோயிலும் பள்ளிவாசலும் கடையும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியூர்க் காசு கலப்பதும் இப்படித்தான். கதிர்காமப் பாதயாத்திரையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் கடந்து உகந்தைக்கு வந்து காட்டுக்குள் இறங்குகிறார்கள். வழியில் உள்ள கோயில்களில் காணிக்கை போட்டுக்கொண்டே போகிறார்கள். வடக்கில் புழங்கிய காசு அப்படியே கிழக்கில் தங்கிவிடுகிறது. கொழும்பிலிருந்து வரும் ரயிலும் இரவு பஸ்களும் ஆண்டு முழுவதும் இதே வேலையைச் செய்கின்றன.

உங்களுக்கே சோதித்துப் பார்க்க ஆசையென்றால் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக வந்த பத்து ரூபாக் குத்திகளைத் தேடுங்கள், 2013 என்று ஆண்டு பொறித்தவை. நம் கடைகளில் மட்டக்களப்புக் குத்திதான் அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு மாத்தறையும் குருநாகலும் எல்லாம் மாறி மாறி வந்திருக்கின்றன. ஆடி அமாவாசை முடிந்து மாமாங்கத்திலோ திருக்கோவிலிலோ உண்டியல் எண்ணிய பிறகு, கொஞ்சம் தாளோடு போய்ப் பொறுப்பானவர்களிடம் குத்தி மாற்றித் தரக் கேளுங்கள். கடையில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட அங்கே அதிக மாவட்டங்கள் கிடைக்கும்.