சண்டை போடாமல் ஜெயித்தால் எக்ஸ்பி உண்டா? கேள்வி பதில்

பகடையும் தாளும் வைத்து ஆடும் ரோல்பிளேயிங் கேம்களில் சண்டைக்கு வெளியே நடக்கும் சாதனைகளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்பி என்றால் அனுபவப் புள்ளி; அது சேரச் சேரக் கேரக்டரின் லெவல் ஏறும். பெரும்பாலான கேள்விகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) பற்றியவை. அதனால் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். வேறு ஆட்டம் என்றால் அந்த இடத்தில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆட்டத்தில் நான்கு பேர், எல்லோரும் மூன்றாம் லெவல். பாலத்தை மறித்து நின்ற ஹாப்கோப்ளின் என்ற அரக்கக் கூட்டத்தின் தலைவனிடம் பேசியே அக்கரைக்குப் போய்விட்டார்கள். சண்டையே நடக்கவில்லை என்று நான் எக்ஸ்பி கொடுக்கவில்லை. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. நான் செய்தது சரியா?

கொடுத்திருக்க வேண்டும். எதிரியை வெல்வது என்றால் கொல்வது மட்டும் இல்லை. விரட்டி அடித்தாலும் சிறைபிடித்தாலும் முழு எக்ஸ்பி உண்டு. பேச்சிலேயே முடிந்த விஷயத்துக்கு டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) புத்தகத்தில் தனியாக வழி இருக்கிறது: அந்தச் சவால் எவ்வளவு கடினம் என்று முடிவு செய்து, அதே கடினத்தில் ஒரு சண்டை நடந்திருந்தால் என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள்.

மூன்றாம் லெவலில் நடுத்தரச் சண்டைக்குத் தலைக்கு 150, கடினமான சண்டைக்கு 225. எது என்று எப்படித் தெரியும்? பேச்சு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். எதிர்க்கரையில் பன்னிரண்டு வில்லாளிகள் நின்றிருந்தால் தாராளமாகக் கடினம் என்றே போடலாம். தலைக்கு 225, மொத்தம் 900. மூன்றிலிருந்து நான்காம் லெவலுக்குப் போக ஒருவருக்கு 1800 எக்ஸ்பி தேவை. ஆக, இது போல எட்டு சாதனைகள் போதும்.

அடுத்த செஷன் ஆரம்பத்திலேயே விட்டுப்போன எக்ஸ்பியைக் கொடுத்துவிடுங்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாலத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நேராக அம்புதான் பறக்கும்.

கேள்வி: நான் அப்படித்தான் கொடுத்தேன் சார். இப்போது கயிறு வாங்கப் போனால்கூடக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு “இதுக்கு எக்ஸ்பி இல்லையா?” என்கிறார்கள்.

அதே புத்தகத்தில் அந்தப் பத்தியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. தோற்றுப்போவதற்கு உண்மையான ஆபத்து இருந்தால்தான் எக்ஸ்பி. பலர் இதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பகடையை உருட்டும் முன் “இது கெட்டால் என்ன ஆகும்?” என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கயிறு இரண்டு காசு கூடுதலாகும், அவ்வளவுதான் என்றால் எக்ஸ்பி கிடையாது. அதே கடைக்காரர் பிரபுவின் ஒற்றர், ஒரு வார்த்தை தவறினால் இரவே கோட்டைக் கதவு மூடிவிடும் என்றால், அது சவால். பேரத்தை ரசித்து ஆடட்டும், சிரிக்கட்டும். அதற்கு எக்ஸ்பி வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் மேஜையில் ஒரு தோழி அதிகம் பேசமாட்டாள். நன்றாக நடித்துப் பேசுபவர்களுக்கே பரிசெல்லாம் போய்விடுகிறது. இதற்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சண்டைக்கு வெளியே பரிசு கொடுக்கத் தொடங்கும் டிஎம்கள் பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். சாதனைக்குக் கொடுக்க வேண்டிய பரிசு நடிப்புக்குப் போய்விடுகிறது.

ஃபைட்டராக ஆடுபவரை எழுந்து வாள் வீசிக் காட்டச் சொல்வதில்லை. அப்படியிருக்க, கரிஸ்மா (பேச்சால் கவரும் திறன்) 16 உள்ள பார்டாக, அதாவது பாடகராக ஆடுபவர் மட்டும் ஏன் நேரில் மேடைப் பேச்சு பேச வேண்டும்? “நான் அவனை மிரட்டவில்லை. அவன் தம்பியின் மோதிரத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன்.” உங்கள் தோழி சொல்லும் இந்த இரண்டு வரி போதும். எதைச் செய்கிறாள், எதற்காகச் செய்கிறாள் என்பது தெளிவாக இருக்கிறது. அப்புறம் பகடை பேசட்டும். யோசனை நன்றாக இருந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கும் சலுகை கொடுங்கள்.

இன்னொன்று, பேச்சைத் தவிர மேஜையில் என்னென்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அமைதியாக இருப்பவர்தான் பல சமயம் குறிப்பு எழுதுவார், வரைபடம் போடுவார். மூன்று செஷனுக்கு முன் ஒரு குடிகாரக் காவலன் உளறிய கடவுச்சொல்லை நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்து, நிலவறைக் கதவைச் சத்தமில்லாமல் திறக்க வைத்தால், அங்கே ஒரு சண்டை முழுதாகத் தவிர்ந்திருக்கிறது. அதற்கு உரிய எக்ஸ்பியை மொத்தக் குழுவுக்கும் கொடுங்கள். யாரால் கிடைத்தது என்பதை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

தனி ஆளுக்குப் பரிசு கொடுக்க இன்ஸ்பிரேஷன் இருக்கிறது. கேரக்டர் தாளில் எழுதிய குணம், லட்சியம், பந்தம், பலவீனம் ஆகியவற்றுக்கு உண்மையாக ஆடினால் அது கிடைக்கும். பிறகு ஒரு முறை இருபது பக்கப் பகடையை இரண்டு தடவை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். “நகையைக் கண்டால் கை சும்மா இருக்காது” என்று பலவீனம் எழுதியவர், பொறி இருக்கும் என்று தெரிந்தும் பீடத்து மோதிரத்தை எடுத்தால் உடனே கொடுத்துவிடுங்கள். சேர்த்து வைக்க முடியாது, ஒன்றுதான் வைத்திருக்கலாம். வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். இந்தக் கடைசி விதியை நிறையப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆரம்பத்தில் டி அண்ட் டி வெறும் வெட்டுக்குத்து ஆட்டம்தானே? சண்டை இல்லாமல் பரிசு என்பது இப்போது வந்த பழக்கம் இல்லையா?

அப்படி இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்டபோதே, மீட்டுக் கொண்டுவரும் புதையலுக்கு எக்ஸ்பி உண்டு. ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி என்பது அடிப்படைக் கணக்கு. 1981 பேசிக் பதிப்பில் ஓர்க் என்ற அரக்கன் ஒன்றைக் கொன்றால் 10 எக்ஸ்பிதான். ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 வேண்டும். ஓர்க்குகளை வெட்டியே போவது என்றால் ஒருவர் பங்குக்கு மட்டும் 200 ஓர்க்குகள்! அதனால் ஆடுபவர்கள் ஓர்க் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியைத் தேடினார்கள். எதற்கு எக்ஸ்பி கொடுக்கிறீர்களோ அதைத்தான் ஆடுபவர்கள் செய்வார்கள்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு பொற்காசுக் கணக்கை விருப்ப விதியாக்கியது. திருடன் தன் திறமையை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் 200, மந்திரவாதி மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்த்தால் மந்திரத்தின் லெவலுக்கு 50 என்று கேரக்டர் வகைவாரியாகவும் அதில் விருப்ப விதிகள் இருந்தன. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு எழுதிக் கை ஓய்ந்துவிடும்.

கேள்வி: மைல்ஸ்டோன் லெவலிங் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

இல்லைதான். கதை நகர்ந்தால் லெவல் ஏறும், எப்படி நகர்த்தினீர்கள் என்பது உங்கள் பாடு. ஆனால் எந்த இடத்தில் லெவல் ஏறும் என்பது டிஎம் மனதுக்குள்ளேயே இருந்தால், ஆடுபவர்களுக்குத் தங்கள் முயற்சிக்கும் லெவலுக்கும் தொடர்பு தெரியாமல் போகும். “இளவரசரை உயிரோடு தலைநகரில் சேர்த்தால் லெவல்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இதை நன்றாகச் செய்யும் வேறு ஆட்டங்கள்?

கால் ஆஃப் கத்துலுவில் (1981) லெவலே கிடையாது. ஒரு திறமையைப் பயன்படுத்தி ஜெயித்தால் அதன் பக்கத்தில் டிக் போட்டுக்கொள்வீர்கள். பிற்பாடு ஒன்றிலிருந்து நூறு வரை எண் வரும்படி பகடையை உருட்டி, அந்தத் திறமையின் எண்ணைத் தாண்டினால் திறமை வளரும். நூலகத்தில் தேடியவருக்கு நூலகத் தேடல் வளரும். டன்ஜன் வேர்ல்டில் பகடை காலை வாரினால் ஒரு எக்ஸ்பி. செஷன் முடிவில் உலகத்தைப் பற்றி முக்கியமாக ஏதாவது தெரிந்துகொண்டோமா என்று கேட்டு, ஆம் என்றால் எல்லோருக்கும் ஒன்று. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒரு லெவலுக்கு 1000 எக்ஸ்பி. சாதனை சிறியதானால் 10, நடுத்தரம் 30, பெரியது 80. டி அண்ட் டி ஆடுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளச் சுலபமானது டன்ஜன் வேர்ல்டின் அந்தக் கேள்விதான்.

கேள்வி: எக்ஸ்பி இல்லாமல் வேறு என்ன கொடுக்கலாம்?

பட்டம், நிலம், பதக்கம், பரிந்துரைக் கடிதம், ஒரு பெரிய மனிதர் பட்ட நன்றிக்கடன். எனக்குப் பிடித்தது கடிதம். பஞ்சத்தில் தானியக் கிடங்கைத் திறக்க வைத்த குழுவுக்கு மேயர் முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் கொடுங்கள். ஒரு நிஜத் தாளில் எழுதி மடித்துக் கையில் கொடுங்கள். அதில் “ஒரு முறை மட்டும் செல்லும்” என்று இருக்கட்டும். அதை எங்கே பயன்படுத்துவது என்று அவர்களுக்குள் நடக்கும் விவாதமே ஒரு செஷனுக்கு வரும்.

கேள்வி: ரோக் (திருடன் கேரக்டர்) மட்டும் தனியாகப் போய் முகாமை வேவு பார்த்துவிட்டு வந்தார். மற்ற நால்வரும் காட்டில் காத்திருந்தார்கள். 500 எக்ஸ்பி அவருக்கு மட்டுமா?

ஐந்து பேருக்கும் தலைக்கு 100. தனியாகப் போனால் தனியாக லாபம் என்று ஆகிவிட்டால், அடுத்த முறை ஐந்து பேரும் ஐந்து திசையில் போவார்கள். உங்களுக்கு நடத்த முடியாது, மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். ரோக்குக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் கொடுங்கள். அவர் பார்த்து வந்த முகாமின் வரைபடத்தை அவரையே வரையச் சொல்லுங்கள், காவல் மாறும் நேரம் உட்பட.